இரண்டு முறை ஊற்றிய பிரேக் எண்ணெய்

கணவர் வேலைக்காகச் சிங்கப்பூர் போனதிலிருந்து ஞாயிறு காலையில் காரைப் பார்ப்பது என் பொறுப்பு. என்ஜின் எண்ணெய், தண்ணீர், டயர் காற்று எல்லாம் பார்ப்பேன். அந்த மாதம் பிரேக் எண்ணெய் டப்பாவில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கடையில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினேன். பத்து நாளில் மறுபடி குறைந்தது. மறுபடி ஊற்றினேன். எனக்கே எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. மெக்கானிக்கைக் கூப்பிடத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம், மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் பூலாவில் இருக்கும் என் அக்கா வீட்டிலிருந்து மகளுடன் ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் இறக்கம் தொடங்கியது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கால் சேற்றில் புதைந்ததுபோல் உள்ளே போனது. கார் நிற்கவில்லை.

மறுபடி மறுபடி மிதித்தேன். கொஞ்சம்தான் பிடித்தது. பக்கத்து இருக்கையில் மகள் காதில் இயர்போனை மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நான் அழுதுவிடுவேன் என்று பயம். கியரை இரண்டாவதுக்கு மாற்றினேன். என்ஜின் அலறியது. எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. உரசாமல் கடந்ததும் ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன்.

"அம்மா, என்னம்மா பண்றீங்க?"

"பேசாம இரு. பெல்ட்டப் பிடிச்சுக்க."

மூடிக் கிடந்த டுரியான் பழக்கடை ஒன்றின் முன்னால் சரளைக்கல் திடல். அதில் திருப்பினேன். கல் தெறித்து, கார் நின்றது. என்ஜினை அணைத்தேன்.

மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தேன். "மெதுவா ஓட்டிக்கிட்டு வந்திரட்டுமாண்ணே?" என்று கேட்டேன்.

"வேணாம்லா! காடிய அசைக்காத தங்கச்சி. நான் இழுவை லாரி அனுப்புறேன்."

பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்தார். இடது முன்சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. சக்கரத்தின் உட்புறம் முழுக்க ஈரம்.

"எண்ணெய் குறைஞ்சத நீ பாக்கலியா?"

"பாத்தேண்ணே. ரெண்டு தடவ ஊத்துனேன்."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அது சும்மா குறையாதும்மா. மொதத் தடவயே கூப்பிட்டிருக்கணும்" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தத் தாழ்ந்த குரல்தான் என்னை உலுக்கியது. மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கார் மூன்றாம் நாள் சரியாகி வந்தது. ஆனாலும் அந்த மாதம் முழுக்க நான் மலைப்பாதைப் பக்கம் போகவில்லை. சிவப்பு விளக்கைத் தூரத்தில் கண்டாலே கால் பிரேக்குக்குப் போய்விடும். மகள் காரில் ஏறினால் காதில் எதையும் மாட்டாமல், பிரேக்கை மிதிக்கும் என் காலையே பார்த்துக்கொண்டு வருவாள்.