அக்காவுக்கு ரத்தம் கொடுத்தவர்

அக்கா மறைந்து இம்மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவின் வாயாலேயே ஒரு செய்தியைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். "என் தம்பி ரத்தம் குடுத்துத்தான் நான் பொழைச்சேன்" என்று அவர் சொல்லாத விசேஷ வீடு இல்லை. அது உண்மையல்ல. அக்கா பொய் சொல்லவில்லை. அவரை அப்படி நம்பவிட்டவன் நான். அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி அக்காவின் கணவரான மாமா கேட்டபோது, இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் அக்கா பிறந்தார். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. அம்மா கொழுந்து பறித்தார். எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா தவறிவிட்டார். பத்தாம் வகுப்பு முடித்திருந்த அக்கா படிப்பை விட்டுவிட்டு அம்மாவின் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மழைக்காலத்தில் கால் நிறைய அட்டைக் கடியோடு வருவார். வந்ததும் உப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு எனக்குச் சோறு வடிப்பார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. பிறகு குன்னூர்ப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அங்கிருந்தும் என் கல்லூரிச் செலவை அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் ஊட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்தது அவர் போட்ட பிச்சை.

அக்காவுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் என்பது மகள் பிறந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தெரிந்த ரத்த வகை அதுதான். குழந்தைக்குப் பாசிட்டிவ் என்பதால் பிரசவம் முடிந்ததும் அக்காவுக்குத் தனியாக ஓர் ஊசி போட்டார்கள். இந்த வகை கிடைப்பது அரிது, முடிந்தால் நான்கு பேருக்குக் கொடுங்கள் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாராம். குழந்தை வளர்ந்ததும் அக்கா அதை அப்படியே கடைப்பிடித்தார். மருத்துவமனையிலிருந்து அழைத்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்.

அந்தச் சமயத்தில் நான் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். ரத்த வகை என்ற இடத்தில், கூடப் பிறந்தவர்களுக்கு ஒரே வகைதானே இருக்கும் என்று எண்ணி, ஓ நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் ரத்தம் கொடுப்போர் பட்டியல் எடுத்தபோது அதைப் பார்த்த ஒருவர், "அடேயப்பா, அபூர்வமான ரத்தமாச்சே சார்!" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. என் பெயர் பட்டியலில் ஏறியது.

அழைப்புகள் வந்தன. நான் ஒரு முறையும் போகவில்லை. ஊசி என்றால் எனக்குப் பயம். அதற்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் இல்லை. "இப்பதாங்க குடுத்தேன், மூணு மாசம் ஆகலை" என்று சொல்லப் பழகிவிட்டேன். அக்காவிடமும் அதையே சொன்னேன். பிற்பாடு அவருக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகி, ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், உடம்பில் ரத்தம் குறைவாக இருப்பதாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் தன்னைக் கூப்பிடுகிறவர்களிடம் என் நம்பரைக் கொடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் அவரே போனில் அழைத்தார்.

"சாமி, குன்னூர்ல ஒரு பொண்ணுக்குப் பிரசவம், நம்ம ரத்தந்தான் வேணுமாமா. ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றியா?"

"நேத்துத்தான் இங்க ஒருத்தருக்குக் குடுத்தேன்க்கா."

"அப்படியா கண்ணு! எங்கிட்டச் சொல்லவே இல்லையே!" என்று அவர் பூரித்துப்போனார். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. இன்றுவரை தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாளில், அக்கா வீட்டிலேயே மயங்கி விழுந்தார். ஊட்டியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். கர்ப்பப்பையில் கட்டி, ரத்தம் நிற்காமல் போகிறது, மாலைக்குள் எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். இரண்டு பை ரத்தம் வேண்டும். இருப்பில் இருந்தது ஒன்றுதான். ரத்த வங்கிப் பட்டியலைப் பார்த்து மாமா ஒருவரைப் பிடித்துவிட்டார். கோத்தகிரிப் பக்கம் காய்கறி பயிரிடும் படுகர், போஜன் என்று பெயர். மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தவர், வண்டியை ஊட்டிப் பக்கம் திருப்புவதாகச் சொல்லிவிட்டார்.

நான் அப்போதுதான் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தேன். "எதுக்கு மாமா அவரை அலைய விடறீங்க? நான் ஒருத்தன் இருக்கறேனல்லோ!" என்றேன். மாமாவின் போனை வாங்கிப் போஜனிடம் நானே பேசினேன்.

"நீங்க வர வேண்டாமுங்க. நான் கூடப் பொறந்த தம்பி. எனக்கும் அதே குரூப்புத்தான்."

"நல்லதாப் போச்சுங்க. அப்ப நான் லோடைக் கொண்டுபோய் எறக்கிடறேனுங்க" என்று அவர் மேட்டுப்பாளையத்துக்கு மலை இறங்கிப் போய்விட்டார்.

அக்காவுக்கு என்றபோது ஊசிப் பயம் எனக்குத் தோன்றவே இல்லை. என் பக்கம் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

ரத்த வங்கியில் இருந்த ஓர் அம்மா ஒரு படிவத்தை எடுத்துவைத்தார். "இதுக்கு முன்னாடி குடுத்திருக்கீங்களா சார்?"

மாமா முந்திக்கொண்டார். "நெறைய வாட்டி குடுத்திருக்காப்லங்க மேடம்."

"கடைசியா எப்போ?"

ஒரு தேதியைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்தத் தாள் அக்காவின் உயிருக்காக நிரப்பப்படுவது என்பது அப்போதுதான் உறைத்தது. "இதாங்க முதல் தடவை" என்றேன். மாமா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரலில் குத்தி மூன்று சொட்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தைவிட்டுக் கலக்கினார் அந்த அம்மா. இரண்டு சொட்டுகள் அப்படியே இருந்தன. மூன்றாவது, கெட்டுப்போன பால்போலத் திரிந்தது.

"உங்களுக்கு ஓ பாசிட்டிவ் சார். அவங்களுக்கு ஏத்த முடியாது."

"லைசென்ஸ்ல நெகட்டிவ்னு இருக்குதுங்களே?"

"அது நீங்க எழுதிக் குடுத்ததுதானே சார்?"

"கூடப் பொறந்தவங்களுக்கு ஒரே குரூப்புதானுங்களே?"

"அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்லைங்க. ஒருவாட்டி டெஸ்ட் பண்ணியிருந்தாத் தெரிஞ்சிருக்குமே."

மாமா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். "எங்க மேலதான் தப்புங்க... மன்னிச்சுக்கோங்க... எப்படியாச்சும் வந்துருங்க" என்று அவர் கெஞ்சுவது உள்ளே கேட்டது. என் தப்புக்கு மாமா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போஜன் அதற்குள் மேட்டுப்பாளையத்தை நெருங்கியிருந்தார். லோடை இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி மலை ஏறினார். அவர் வந்து சேர்வதற்குள் பிற்பகல் ஆகிவிட்டது. சட்டையெல்லாம் செம்மண்ணும் ஈரமும். ரத்தத்தை எடுத்து, சோதித்து முடிக்கும்போது நேரம் கடந்துவிட்டதால் அறுவை சிகிச்சையை மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்தார்கள். அதுவரை அக்கா வெளுத்துப்போய்க் கண்ணைத் திறக்காமல் கிடந்தார்.

போஜனுக்காகக் காத்திருந்த நேரத்தில், "உங்களுது வேற யாருக்காச்சும் ஆகும், குடுக்கறீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். படுத்தேன். ஊசி இறங்கும்போது எறும்பு கடித்ததுபோலச் சுருக்கென்றது. கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆண்டுகள் இத்தனை பேரிடம் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டே பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் கண் விழித்த அக்கா என் முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். முந்தின நாளே பிய்த்துப் போட்டிருக்க வேண்டியது அது. நான் பிய்க்கவில்லை.

"நீ குடுத்தியா கண்ணு?"

"ஆமாங்க்கா."

நான் ரத்தம் கொடுத்தது உண்மை. அவருக்குக் கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் மாமா என்னைத் தனியே அழைத்தார். "நீயே சொல்லீரு மாப்ளே. நான் சொன்னா நல்லா இருக்காது." சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மாமாவும் அதன்பின் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

அக்கா தேறி எழுந்தார். நான் குன்னூர் போகும்போதெல்லாம், "ரத்தம் குடுத்த உடம்புடா" என்று பீட்ரூட் பொரியலும் அவித்த முட்டையும் வைத்துத் தின்னச் சொல்வார். தின்றேன். மகளின் திருமணத்துக்கு மாமா போஜனையும் அழைத்திருந்தார். அவர் மாமாவின் சிநேகிதர் என்றுதான் அக்காவுக்குத் தெரியும். பந்தியில் அக்கா என் தோளைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தி, "இவனைத் தெரியுமுங்களா? எனக்கு ரத்தம் குடுத்துக் காப்பாத்துன தம்பி" என்றார்.

போஜன் இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்படீங்களாக்கா? சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு இதயம் பலவீனமாகிப் படுக்கையில் விழுந்தபோது, எப்படியும் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "எதுக்குச் சாமி மூஞ்சி வாடிக் கெடக்கறே? எனக்கு நீ செய்யாததா?" என்றார். அவருடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு, சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். நான்கு நாட்களில் அவர் போய்விட்டார். அவர் பாடையைச் சுமந்தவர்களில் போஜனும் ஒருவர்.

இந்தக் கட்டுரையில் பெயரைப் போட அனுமதி கேட்கப் போன மாதம் அவருடைய தோட்டத்துக்குப் போனேன். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மண்வெட்டியை ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "போட்டுக்கோங்க" என்றார். மண்வெட்டியைக் கையில் எடுத்தபடி, "அக்கா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்க. அவங்க வாயால எனக்கு ஒரு வார்த்தை கெடைச்சிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் கூட இருந்து பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், மருத்துவர்களுக்கும், மழையிலும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. போஜன் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவர் அக்கா. அதைச் சொல்லவிடாமல் செய்தவன் நான். அக்காவுக்குப் பதிலாக நான் சொல்லும் நன்றி அதற்கு ஈடாகாது என்று தெரிந்தே, இதைப் படிக்கும் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

— தம்பி