விசாலாக்ஷி மாமி வளர்த்த பிஸ்தா

விசாலாக்ஷி மாமிக்கு யார் சொல்வதையும் கேட்டுப் பழக்கமில்லை. புனே தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்க வேண்டியதையெல்லாம் அங்கேயே கேட்டுத் தீர்த்துவிட்டாள் என்று அவர் கணவர் பத்மநாபன் மாமா சொல்வார். கும்பகோணத்துக்காரர்கள். புனேயில் சாங்வி பக்கம் ஒரே வீட்டில் அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. ஒரே பையன் ஜெயந்த் வேலைக்காக ஊரின் மறுகோடியில் மகர்பட்டாவுக்குக் குடிபோன பிறகு அந்த வீட்டில் மூன்றாவது ஆள் பிஸ்தாதான்.

பிஸ்தா வந்தது 1996 மழைக்காலத்தில். எங்கள் கேட்டுக்கு அடியில் நனைந்துகொண்டு கிடந்த தெருநாய்க்குட்டி. சந்தியாவந்தனம் பண்ணுகிற வீட்டில் நாயா என்று மாமா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரேதான் காலையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முதலில் கிளம்பினார். தயிர்சாதமும் ரசஞ்சாதமும் தின்றே வளர்ந்த நாய். கருத்தடை செய்துவிடலாம் என்று மிருக டாக்டர் தேவ்தர் அப்போதே சொன்னார். வாயில்லா ஜீவனின் வயிற்றை எதற்குக் கிழிக்க வேண்டும் என்று மாமி மறுத்துவிட்டார்.

குட்டி போடாமலேயே பிஸ்தாவுக்கு அவ்வப்போது பால் சுரக்கும். மாமாவின் ஆபீஸ் சாக்ஸையெல்லாம் இழுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் குவித்து, அவைதான் தன் குட்டிகள் என்று காவல் காக்கும். மாமா வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். 2004இல் அப்படிப் பால் வற்றிய பிறகும் ஒரு காம்பின் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி நின்றுவிட்டது. மாமி தடவிப் பார்த்துப் பால்கட்டு என்றார். பிள்ளை பெற்றவளுக்கு நம் ஊரில் பால் வற்ற என்ன செய்வார்களோ அதையே செய்தார். மல்லிகைப்பூவை அடிவயிற்றில் வைத்துப் பழைய வேட்டித்துணியால் சுற்றிக் கட்டினார். தினமும் இவ்வளவு மோக்ரா எந்த சாமிக்கு என்று பூக்காரி கேட்டதற்கு, என் பெண்ணுக்கு என்று மராத்தியில் பதில் சொன்னாராம். பிஸ்தா கல்யாணப்பெண் மாதிரி மணத்துக்கொண்டு வளைய வந்தது. நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பூ மாற்றி மாற்றியே அந்த மழைக்காலம் போயிற்று. கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது.

டாக்டர் தேவ்தர் பார்த்துவிட்டுப் புற்று என்றார். அறுத்தும் எடுத்தார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்ததை மாமா கண்ஜாடை காட்டி நிறுத்தப் பார்த்தார். அதற்குள் மாமி காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே வெறி, தன்னால் கெட்டதைத் தன் கையாலேயே பிழைக்க வைத்துவிட வேண்டும். வெங்காயமே யோசித்து நுழைகிற வீட்டில் பிஸ்தாவுக்குத் தெம்பு வரட்டும் என்று முட்டை வெந்தது. அதற்கென்று பால்கனியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடு உரித்துக் கொடுப்பார்.

ஒரு வருடத்துக்கு மேல் பிஸ்தா நன்றாகவே இருந்தது. பிறகு இருமத் தொடங்கியது. எக்ஸ்ரே எடுத்ததில் நுரையீரலுக்குப் பரவியிருந்தது தெரிந்தது. இனிமேல் வைத்தியம் இல்லை, வலிக்கு மாத்திரை தருகிறேன், அதுவும் கேட்காமல் போனால் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர். ஜெயந்தும் போனில் அதையே சொன்னான். ஒரு நாள் நானும் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"அவ இன்னும் என்னைப் பாத்து வாலாட்டறாடி மேரி. வாலாட்டற ஜீவனை ஊசி போட்டு அனுப்பச் சொல்றியா?" என்றார் மாமி.

ஆனால் நான் வீட்டிலேயே இருந்து ரவிக்கை தைக்கிறவள், மிஷினை நிறுத்தினால் மாடியில் நடப்பது முழுக்கக் கேட்கும். மாமி காய் வாங்க இறங்கிப் போனதும் மேலே ஒரு முனகல் தொடங்கும். மனுஷர் முனகுவது போலவே இருக்கும். மாமி திரும்பி வரும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் முனகல் சட்டென்று நின்றுவிடும். பிறகு வால் தரையில் அடிக்கிற சத்தம். தினமும் இப்படித்தான். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த மாமாவுக்கும் இது தெரியும். சொல்லத்தான் தைரியம் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் ஒரு நாள் காய்ப்பையோடு வந்த மாமியைப் படிக்கட்டிலேயே மறித்தேன்.

"செருப்பை இங்கயே விட்டுட்டுச் சத்தமில்லாம ஏறிப் போங்க மாமி. உள்ள போகாதீங்க. கதவுக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னு கேளுங்க."

முறைத்தார். ஏதோ திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். மேலே போய்க் கதவில் சாய்ந்து நின்றது கீழிருந்து எனக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பிறகு கதவைத் தட்டாமலே இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்காக வலியை மறைச்சிண்டிருக்கா. நான் அதை நம்பிண்டு தெம்பா இருந்திருக்கேன்" என்று சொல்லி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. டாக்டரிடம் என் வீட்டு போனிலிருந்தே பேசி வரச் சொன்னார்.

சாயங்காலம் டாக்டர் தேவ்தர் வந்தார். மாமா சட்டென்று தரையில் உட்கார்ந்து பிஸ்தாவின் பின்னங்கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மாமி அதன் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"போறும்டி கண்ணு. இனிமே எனக்காக ஆட்ட வேண்டாம்."

அவர் குரல் கேட்டதும் பிஸ்தா வாலை ஆட்டியது. மருந்து ஏறி முடிகிறவரை ஆட்டிக்கொண்டேதான் இருந்தது.