மாணிக்கம் அண்ணனின் கோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் மூவாரில் ஒரு பதினாறாம் நாள் காரியம். இறந்தவர் மாணிக்கம் அண்ணன், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். முப்பது வருஷம் மேசை நாற்காலி செய்யும் ஃபேக்டரியில் மரம் அறுத்தவர்.

ஹாலில் மாலை போட்ட பெரிய போட்டோ. கும்பிட்டு நிமிர்ந்தேன்... யார் இவர்?

நீலக் கோட்டு, சிவப்பு டை. பால் நிறம். விழுந்த முன்பல் மறுபடி முளைத்திருந்தது. அண்ணன் கோட்டு போட்டு நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கே வேட்டிதான் கட்டினார்.

"எப்படி இருக்கு அண்ட்டி? ஸ்டுடியோவுல சொல்லி டச்-அப் பண்ணேன்" என்றான் மகன் பிரபு. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன்.

"அலமாக், ஹீரோ மாதிரி இருக்காரு லா!" என்று வியந்தார் ஒரு உறவுக்காரர். நானும் மண்டையை ஆட்டி வைத்தேன். துக்க வீட்டில் வேறென்ன சொல்வது?

இன்று நேற்றா இதைச் செய்கிறோம்? கோயில் தூணில் நிற்கும் ராஜாக்களைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே அகலத் தோள், ஒரே ஒட்டிய வயிறு. ஒருத்தருக்குக் கூடவா தொப்பை இல்லை? ஹைவே ஓர விளம்பரத்தில் புது வீட்டு வாசலில் சிரிக்கும் குடும்பமும் அப்படித்தான் — ஒரு சட்டையிலாவது கசங்கல் உண்டா? நமக்கு அவர்கள் யாரோ. பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அந்த ராஜாவின் மனைவி, சிலையைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள்?

அண்ணனின் மனைவி பார்வதி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். போட்டோவின் நெற்றியில் பொட்டு வைக்க வேண்டும். கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வெட்டு எங்கடா?"

அண்ணனின் இடது புருவத்துக்கு மேலே, பலகை தெறித்து அடித்த தழும்பு ஒன்று சாய்வாக இருக்கும். அதைக் காணோம்.

"அசிங்கமா இருக்குன்னு எடுக்கச் சொல்லிட்டேம்மா."

"அந்த வெட்டத் தொட்டுத்தான்டா தினமும் திருநீறு பூசி வேலைக்கு அனுப்புவேன். இந்த ஆள எனக்குத் தெரியாது. எப்படிடா பொட்டு வைப்பேன்?"

பிரபு உடைந்து அழுதான். "அப்பா ஒரு நாளாச்சும் கோட்டு போட்டாராம்மா? வாங்கித் தரேன், வாங்கித் தரேன்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்..."

யாரைக் குறை சொல்ல? மகன், அப்பாவுக்குக் கொடுக்காமல் விட்டதைக் கொடுத்திருக்கிறான். அக்காவோ தன் புருஷனைத் தேடுகிறார்.

அக்கா மகனைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். பிறகு சந்தனத்தைத் தொட்டு, நடுநெற்றியை விட்டுவிட்டு, இடது புருவத்துக்கு மேலே சாய்வாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"கோட்டு இருக்கட்டும்டா" என்றார். "இப்பதான் உங்கப்பா."

இந்தப் பத்தியின் மேலே சிரிக்கும் என் போட்டோவிலும் தாடை மச்சத்தைக் காணோம். பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டு, திரும்ப வைக்கச் சொல்லிவிட்டேன் — நாளைக்கு என் வீட்டுக்காரர் தேடுவார் அல்லவா?