அவருக்குப் புள்ளி, அக்காவுக்கு எழுத்து

காதுக்கருவியைக் காதிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடித்தால் ஒரு மனிதனின் கத்தல் கொசுவின் சத்தமாகச் சிறுத்துப்போகும் என்று அக்காவுக்குத் தெரியும். இரண்டு விரல் அகலம் போதும். வாய்ப்பக்கத்துக் கொம்பு மட்டும் உதட்டருகிலேயே இருக்கும். "போட்டுப் பாக்கேன் சார், லைன் கிடைக்கல சார்" என்று சொல்லிக்கொண்டே மறுகையால் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவிடுவாள். எழுபதுகளின் நடுவில், திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ஹோட்டலில், மாடிப்படிக்கு அடியிலிருந்த ஜன்னல் இல்லாத அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பார்த்தது இது. அந்த அறையில்தான் ஹோட்டலின் டெலிபோன் போர்டு இருந்தது. எந்த அறையிலிருந்து போனை எடுத்தாலும் போர்டில் அந்த அறைக்கு உரிய சின்னத் தகடு டக்கென்று விழும். நாங்கள் வயரைச் செருகிக் கேட்டு, வேண்டிய இடத்துக்கு இணைத்துக் கொடுக்க வேண்டும். பகலுக்கு அவள், சாயங்காலத்துக்கு நான். அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முதலாளி தொடங்கிப் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் போர்டு அக்காதான்.

அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். அது எங்கள் கையில் இல்லை. ஆனால் அறையில் காத்திருப்பவருக்கு வாய்க்கு எட்டுகிற ஆள் நாங்கள்தான் என்பதால் ஏச்செல்லாம் எங்களுக்கு வந்துசேரும். படித்தவர், படிக்காதவர், பட்டையாகத் திருநீறு பூசியவர் என்று வித்தியாசமே கிடையாது. கீழே சாவி வாங்கும்போது சுகமா என்று குழைந்து கேட்கிறவர், மேலே போய்ப் போனைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிடுவார். மானேஜரிடம் முறையிட்டால், வாய்தான் அப்படி, மனசு தங்கம் என்பார். அந்த ஹோட்டலில் வந்து தங்கிய தங்க மனசுக்காரர்களை எல்லாம் உருக்கியிருந்தால் திருவனந்தபுரத்தில் பாதிப் பெண்களுக்குக் கல்யாணம் நடந்திருக்கும். எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி ஒன்றுதான். எதைக் கேட்டாலும் 'சார்' போட வேண்டும்.

நான் ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை என்பதே கிடையாது என்று பெருமையடித்துக்கொள்வோம். அப்பா அம்மாவை நாள் தவறாமல் 'ஜடமே' என்பார், 'பொணமே' என்பார், அதெல்லாம் கெட்ட வார்த்தைக் கணக்கில் வராது. கெட்ட வார்த்தை என்றால் தெருவில் பேசுவது, உடம்பைச் சொல்லிப் பேசுவது, நம்மவர் அல்லாதவர் பேசுவது. அப்படி நினைத்து வளர்ந்தவள், போர்டில் உட்கார்ந்த முதல் வாரம் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அக்கா என்னைத் தேற்றவெல்லாம் இல்லை. கேட்ட ஏச்சில் ஏதாவது ஒன்று ஆம்பிளையைப் பற்றி இருந்ததா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னாள். யோசித்தேன். எல்லாம் அம்மா, அக்காள், பெண்டாட்டி, மகள். "ஒருத்தன் இன்னொருத்தன ஏசணும்னாலும் நம்ம வீட்டு நடையிலதான் வந்து நிக்கான், பாத்தியா பிள்ளே" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த தகடு விழுந்ததும் வயரைச் செருகப் போய்விட்டாள்.

அவளுக்கு வள்ளியூர்ப் பக்கம். புருஷன் கட்டட வேலைக்காக இங்கே வந்தவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகிவிட்டார். சாலை பஜார்க் கடைகளுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பெண் நேரே ஹோட்டலுக்கு வந்து, எங்கள் அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அம்மா வேலை முடியும்வரை மலையாளப் பாடத்தை முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருப்பாள். அவளை டீச்சராக்கிப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இவளாவது எவனிடமும் ஏச்சு வாங்காமல் ஒரு வேலை பார்க்கட்டும் என்பாள். அந்தச் சம்பளத்தை விட்டால் மகளின் படிப்புக்கு வேறு வழியில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மாதம் ஒருமுறை வந்து தங்கும் மர வியாபாரி ஒருவர் இருந்தார். ஹோட்டலுக்கு நல்ல வரும்படி. இன்றைக்கும் எனக்கு அவரை 'அவர்' என்றுதான் எழுத வருகிறது, பாருங்கள். அன்று காலையில் அவர் கோயம்புத்தூருக்குப் பதிவு செய்த டிரங்க் கால் சாயங்காலமாகியும் வரவில்லை. நான் என் முறைக்கு வந்து, இரண்டாவது காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் அவருடைய தகடு விழுந்தது. அக்கா எடுத்தாள். வழக்கமான ஏச்சு, அவளுக்கும் அவளைப் பெற்றவளுக்கும். அவளும் வழக்கம்போல் இரண்டு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு சார் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கத்தல் நின்றது. லைன் போய்விட்டதோ என்று அக்கா கருவியைக் காதோடு சேர்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தியிருந்தார், அவ்வளவுதான். வாசலில் உட்கார்ந்திருக்கும் மகளைப் படியேறும்போது பார்த்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவளைப் பற்றி ஒன்று சொன்னார். அக்காவுக்கு அது முழுசாகக் கேட்டது. எனக்கும் கேட்டது.

அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அது அவளுடைய வார்த்தைகூட இல்லை. அவர் அவளுக்கு மாதாமாதம் கொடுத்துவந்ததில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கினாள், எழுந்துபோய் மகளை உள்ளே கூப்பிட்டு எனக்குப் பின்னால் உட்கார வைத்தாள்.

அவர் அடிக்க வருவார் என்று பயந்தேன். இறங்கி வந்தவருக்கு முகம் வெளுத்திருந்தது. வரவேற்பு மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பொம்பளை என்னைப் பார்த்து இப்படி என்று ஆரம்பித்து, மேலே சொல்ல முடியாமல் நின்றார். நடிப்பில்லை. நிஜமாகவே அவருக்கு அடிபட்டிருந்தது. யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ சோடா வாங்க ஓடினார்கள். நாள் பூராவும் அதே வார்த்தையை வெற்றிலை மாதிரி மென்றுகொண்டு பெட்டி தூக்குகிற ஆட்கள் எல்லாரும், அப்போதுதான் பிறந்து விழுந்தவர்கள் போல் எங்கள் அறையை எட்டிப் பார்த்தார்கள். நல்ல கூத்து. அக்கா தலையைத் தூக்காமல் அடுத்த வயரைச் செருகிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே மானேஜர் அறையில் விசாரணை வைத்தார்கள். மானேஜர் கேட்க, கணக்கர் எழுதினார். கணக்கர் எங்கள் தெருக்காரர், அப்பாவுக்குச் சிநேகிதர். அக்கா என்ன சொன்னாள் என்பதை மர வியாபாரி சொன்னார், அது அப்படியே எழுத்துக்கு எழுத்து தாளில் ஏறியது. குற்றச்சாட்டு தெளிவாக இருக்க வேண்டுமாம். சொன்னாயா என்று கேட்டதற்கு அக்கா ஆமாம் என்றாள். அடுத்தது நான். அதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார் என்று சொல்ல வாயைத் திறந்ததுமே மானேஜர் கையைத் தூக்கித் தடுத்தார். "வேண்டா. நல்ல குடும்பத்திலெ குட்டியல்லே, அது பறயண்டா." நல்ல குடும்பத்துப் பெண், அதைச் சொல்ல வேண்டாமாம். எவ்வளவு அக்கறை! நான் சொன்னேன். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அப்படி ஒன்றை, அத்தனை ஆண்களுக்கு நடுவில், ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கணக்கரின் பேனா நின்றுவிட்டது. அவர் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் வேண்டாம் என்று தலையசைத்தார். கணக்கர் குனிந்து, நான் சொன்னதற்குப் பதிலாக வரிசையாகப் புள்ளிகளை வைத்தார்.

மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும் என்றார்கள். அக்கா தயாராகத்தான் இருந்தாள். வீராப்புக் காட்ட அவளுக்கு வசதியில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். அவர் தன் மகளைப் பற்றிச் சொன்னதையும் அந்தத் தாளில் எழுதிவிட வேண்டும், அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். ஆபீஸ் காகிதத்தில் அந்த அசிங்கத்தையெல்லாம் எழுத முடியுமா என்று மானேஜர் கேட்டார்.

"நான் சொன்னத எழுதிருக்கியளே சார். அத மட்டும் எழுத வருதா?"

மானேஜர் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கே அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். மர வியாபாரி அடுத்த மாதமும் வந்து அதே அறையில் தங்கினாராம்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் கணக்கர் போய்ச் சேர்ந்திருந்தார். அப்பா என்னை வாசலிலேயே நிறுத்தினார். அந்த வார்த்தையைச் சொன்னாயா என்றுதான் கேட்டார். எதற்காகச் சொன்னாய் என்று கேட்கவே இல்லை. கிணற்றடிக்குப் போய்த் தலையில் ஜலம் விட்டுண்டு உள்ளே வா என்றார், இழவு வீட்டிலிருந்து வந்தவளிடம் சொல்வது போல. மாற்றுப் புடவையைக் கொண்டுவந்து துவைக்கிற கல்மேல் வைத்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து என்னை வேலைக்கு விடவில்லை.

கெட்ட வார்த்தையில் கெட்டது எது என்று அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். சத்தத்தில் ஒன்றும் இல்லை. அர்த்தத்தில்கூட இல்லை, அந்த உறுப்புகள் இல்லாமல் ஊரில் ஒருத்தரும் பிறக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்தால் அது கோபம், அக்கா வாயிலிருந்து வந்தால் அது நடத்தை. இப்போது டி.வி.யில் யாராவது ஏசினால் அந்த இடத்தில் 'பீப்' என்று ஒரு கூவலைப் போட்டு மூடிவிடுகிறார்கள். கேட்கிறவர்களின் மரியாதைக்காக என்று சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு வைத்த புள்ளிகள் என் மரியாதையையும் காப்பாற்றவில்லை, அந்தப் பெண்ணின் மரியாதையையும் காப்பாற்றவில்லை. சொன்னவரைக் காப்பாற்றின.

தம்பானூரிலும் பழவங்காடியிலும் அக்காவுக்கு எந்த ஹோட்டலும் வேலை கொடுக்கவில்லை. எல்லா மானேஜர்களுக்கும் சங்கதி தெரிந்திருந்தது. கடைசியில் புருஷன் விழுந்த அதே தொழிலுக்குச் சாந்துச் சட்டி தூக்கப் போனாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மகளைச் சூழ்ந்துகொண்டு, உன் அம்மா சொன்ன வார்த்தை என்ன, சொல்லிக் காட்டு என்று கேட்பார்களாம். அவள் படிப்பை நிறுத்தினாள், துணிக்கடையில் வேலைக்கு நின்றாள், கல்யாணமாகிப் போனாள், போனவள் அம்மாவின் வீட்டுப் பக்கமே வராமலானாள். இதெல்லாம் அக்கா எப்போதாவது என்னைப் பார்க்க வரும்போது சொன்னது. நடந்ததை மகளிடம் சொல்லித் தொலைத்தால் என்ன என்று ஒருமுறை கோபமாகக் கேட்டேன். "அவளப் பத்துன சொல்ல அவகிட்டயே எப்படிப் பிள்ளே சொல்லுவேன்?" என்றாள்.

எண்பதுகளின் கடைசியில் அக்கா செத்துப்போனாள். பதினாறு கழிந்ததும் மகள் சேதி சொல்ல என் வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, பொதுவாகப் பேசுகிற மாதிரி, "எங்க அம்மைக்கு வாய் மட்டும் அடங்கியிருந்தா நாங்க நல்லா இருந்திருப்போம் மாமி" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் நடந்தது முழுவதையும், அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது உட்பட, அவளுக்குச் சொன்னேன். அதை நான் இங்கே எழுதவில்லை. அச்சில் புள்ளி வைத்துவிடுவார்கள் என்பதற்காக அல்ல. அது அவளைப் பற்றியது, அவளிடம் சேர்த்துவிட்டேன், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

அவள் அழவில்லை. டம்ளரைத் தரையில் வைத்தாள். பிறகு, "அப்ப எனக்கு என்ன வயசு மாமி?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு என்றேன்.