ஏசித் தண்ணீரில் வளர்ந்த லச்சக்கொட்டைக் கீரை

அபுதாபி முசஃபா லேபர் கேம்பில் எங்கள் ரூமுக்குப் பின்னால் ஒரு லச்சக்கொட்டைக் கீரை மரம் நின்றது. ரூமிலேயே மூத்தவர், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் மாயவரத்து வெல்டர், அதன் குச்சியை ஈரச்சாக்கில் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்து நட்டிருந்தார். அந்த இனத்து மரங்களெல்லாம் வெப்பத் தீவுகளில் வளர்பவை, அவற்றின் பசை விதைகள் கடற்பறவைகளின் இறகில் ஒட்டிக்கொண்டு தீவு தீவாகப் போகும் என்று பிற்பாடு படித்தேன். எங்கள் மரம் கொஞ்சம் வசதியான குடும்பம். விமானத்தில் வந்தது.

அண்ணனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. சாரத்தில் ஏற முடியாதவனுக்குக் கம்பெனியில் வேலை இல்லை, விசாவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் அந்த வெளிர்பச்சை இலையைப் பருப்போடு கூட்டு வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஏறுவார். கீரைதான் தன்னை ஏற்றிவிடுகிறது என்று முழுசாக நம்பினார். எது ஏற்றிவிட்டால் என்ன, சாரத்தில் ஆள் நிற்பது தெரிந்தால் ஃபோர்மேனுக்குப் போதும்.

கேம்பில் செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது. எங்கள் ஏசியின் குழாய் மரத்தடியில் சொட்டியதால் யாருக்கும் அந்தக் கவலை இல்லை. ஜூலை வெயிலில் எங்களுக்குத் தோல் உரிந்தது, அது மட்டும் தளதளவென்று நின்றது.

நவம்பரில் அண்ணன் இரண்டு மாத லீவில் ஊருக்குக் கிளம்பினார்.

"தம்பி, கீரைய பாத்துக்க."

"போயிட்டு வாங்கண்ணே. நாங்கல்லாம் என்ன கலெக்டர் வூட்டுப் புள்ளைங்களா?" என்றேன். மிச்சமிருந்த ஐந்து பேருமே விவசாயி மகன்கள்.

குளிர் வந்தது. ஏசியை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டோம். காவிரியில் தண்ணீர் விடவில்லை என்று லீவு நாளான வெள்ளிக்கிழமை முழுக்கக் கர்நாடகத்தைத் திட்டினோம். சுவருக்கு அந்தப் பக்கம் சொட்டு நின்றுபோனது ஒரு விவசாயிக்கும் உறைக்கவில்லை.

ஜனவரியில் அண்ணன் திரும்பி வந்து மரத்தைத் தொட்டார். கிளை ஒடிந்து கையோடு வந்தது.

"குளிரு தாங்கலண்ணே," என்றேன்.

"குளிருக்கு ஏசிய நிறுத்திருப்பீங்க," என்றார். அவ்வளவுதான். நன்றாகத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச்சில் ஒருநாள் சாரத்தின் இரண்டாவது தட்டில், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றுவிட்டார். இரண்டு பேர் பிடித்து இறக்கினோம். மூட்டு தேய்ந்து வருஷக்கணக்காகிறது, கீரையெல்லாம் ஒன்றும் செய்திருக்காது என்றார் டாக்டர். அதைக் கேட்டு மற்ற நாலு பேருக்கும் மனசு லேசாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை.

அவரை ஊருக்கு அனுப்பிய மறுநாள் ஃபோர்மேன் வந்து, யல்லா, கிளம்பு என்று அண்ணன் நின்ற அந்தச் சாரத்தில் என்னை ஏற்றினார்.