பிடியில் இருந்த வெட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போதுகூட ஜெயசிங்கின் கால்சட்டைப் பையில் ஒரு மடக்குக்கத்தி இருக்கும். போதகரே ஒரு தடவை கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டார், ஜெபம் பண்ண வருகிறவருக்குக் கத்தி எதற்கு என்று. "பேதுருவும் வச்சிருந்தாருல்லாய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார் ஜெயசிங். பேதுரு அதை வைத்துக்கொண்டு யார் காதை வெட்டினார் என்பது போதகருக்கும் தெரியும், ஜெயசிங்குக்கும் தெரியும். அதனால் பேச்சு அதோடு நின்றது.

சொந்த ஊர் நாசரேத். பிழைப்பு தூத்துக்குடித் துறைமுகத்தில். கப்பலுக்கும் தோணிக்கும் சரக்கு ஏற்றுகிற ஒரு கம்பெனியில் டாலி கிளார்க், அதாவது ஏறுகிறதையும் இறங்குகிறதையும் வெயிலில் நின்று எண்ணுகிற உத்தியோகம். மூட்டைத் தையலை அறுத்துச் சாம்பிள் பார்க்க என்று சொல்லித்தான் முதல் கத்தி கைக்கு வந்தது. அடுத்த கத்திக்கு அந்தச் சாக்கும் இல்லை, வெறும் ஆசைதான். இருபது வருஷத்தில் அறுபத்தொன்று சேர்ந்துவிட்டது. கிரேக்கக் கப்பல் சமையல்காரன் கொடுத்தது, கொழும்புத் தோணிக்காரர்கள் கொடுத்தது, முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பி நெம்பியது, எந்தத் துரையோ பென்சில் சீவிய பேனாக்கத்தி. எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் இருந்தன.

மனைவி ஜெபகனி பள்ளிக்கூட டீச்சர். பிள்ளை இல்லாத வீடு. "மத்த வீட்டுல பிள்ளையளுக்குத்தான் எண்ணெ தேச்சு விடுவாவ" என்று ஒருநாள் அவர் கத்திக்கு எண்ணெய் போடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஜெயசிங் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கத்தி விஷயத்தில் அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. எதையும் சும்மா வாங்க மாட்டார். பதிலுக்கு ஒரு பீடிக்கட்டாவது கொடுப்பார், இல்லாவிட்டால் கத்தி உறவை அறுத்துவிடுமாம். கைக்குக் கை வாங்கவும் மாட்டார். கீழே வைக்கச் சொல்லித்தான் எடுப்பார். வேதக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது வம்புக்கு இழுத்தால், "வேதம் வேற, கத்தி வேற" என்பார். இத்தனை பார்த்துப் பார்த்து நடந்த மனுஷனுக்குச் சனி வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவருக்குத் துரு ஆகாது.

ஆகாது என்றால், கண்ணில் பட்டுவிட்டால் சோறு இறங்காது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போடுவார். ஆணியைத் தட்டிப் பிடியைத் தனியாகக் கழற்றுவார். அலகை முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்து நைஸ் தாள்வரை கொண்டுவருவார். பிடியில் பிளவோ பள்ளமோ இருந்தால் அரத்தால் ராவிச் சமமாக்கி, மெழுகு தேய்த்து, புதுப் பித்தளை ஆணி அடிப்பார். கடைசியில் மடக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அதைக் கத்தி என்றே ஒப்புக்கொள்வார். அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பார்த்தால்தானே தெரியும்?

எழுபத்தைந்தாம் வருஷம், பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை. அரைநாள் வேலை முடித்து வந்து, வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் தன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜெபகனி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். இடுப்பில் ஒரு கைப்பிள்ளை. கழுத்தில் தாலிக்கயிறு புது மஞ்சளாக இருந்தது.

"கத்தி அண்ணாச்சின்னு சொல்லுதது நீங்கதானே?"

"நான்தாம்மா. உக்காரு. என்ன விஷயம்?"

அவள் உட்காரவில்லை. "எம் பேரு சந்தனமாரி. போன ஐப்பசியில கொழும்புக்கு ஓடு ஏத்திட்டுப் போன தோணி திரும்பி வரலல்லா, அதுல எங்க வீட்டுக்காரவியளும் போயிருந்தாவ. செந்தூர்பாண்டின்னு பேரு."

ஜெயசிங் எழுந்து நின்றுவிட்டார். அந்தத் தோணிக்கு ஓடு எண்ணி ஏற்றியதே அவர்தான். எட்டுப் பேர் போனார்கள். நடுக்கடலில் புயல் பிடித்துக்கொண்டது. நாலு பலகை வந்து ஒதுங்கியதோடு சரி, ஆள் ஒருவரும் திரும்பவில்லை.

"தெக்க ஆத்துமொகத்துல கரைவலை இழுக்குத அந்தோணிப்பிச்சைன்னு ஒருத்தர். மார்கழியில அவருகிட்ட ஒரு கத்தி வாங்கினியளாமே?"

"வாங்கினேன். வலையில கெடச்சதுன்னு கொண்டாந்தாரு."

"வலையில இல்ல அண்ணாச்சி. ஒரு பொணத்து இடுப்புல கெடச்சது."

நடந்ததை அவள் அழாமல் சொன்னாள். கார்த்திகையில் ஒரு பிணம் கரை ஒதுங்கியிருக்கிறது. முகம் இல்லை, துணி இல்லை. இடுப்புக் கயிற்றில் துருப்பிடித்த மடக்குக்கத்தி ஒன்று மட்டும் தொங்கியது. போலீஸ் வருவதற்குள் அந்தோணிப்பிச்சை அதை அவிழ்த்து ஒளித்துக்கொண்டார். அடையாளம் தெரியாத ஆண் என்று எழுதிக்கொண்டு, ஆற்றோரத்து மேட்டில் புதைக்கச் சொல்லிவிட்டுப் போனது போலீஸ். அடுத்து வந்த வெள்ளம் அந்த மேட்டையே வாரிக்கொண்டு போய்விட்டது. பிறகு அந்தோணிப்பிச்சையின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வர, செத்தவன் சொத்தைத் தொட்டதுதான் காரணம் என்று அவருக்கு மனசு குத்தி, எட்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார். ஏழு வீட்டில் எப்போதோ சடங்கு முடித்திருந்தார்கள். கேட்டுவிட்டு இன்னொரு தடவை அழுதார்கள். சந்தனமாரி ஒருத்திதான் சடங்கு செய்ய விடாமல் இத்தனை மாதமாக மல்லுக்கு நின்றவள்.

"அந்தோணிப்பிச்சைகிட்டயே கேக்கக் கூடாதா, கத்தி எப்பிடி இருந்துச்சுன்னு?" என்றாள் ஜெபகனி.

"கேட்டேன் டீச்சர். துருக்கட்டியாக் கெடந்துச்சு, நான் என்னத்தப் பாத்தேன்னுட்டாரு." திரும்பவும் ஜெயசிங்கைப் பார்த்தாள். "எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும் அண்ணாச்சி. தாலியக் கழத்து, கழத்துன்னு மாமியா நிக்கா. ஆளையும் பாக்காம, பொணத்தையும் பாக்காம எப்பிடிக் கழத்துவேன்? இலங்கையில எங்கனயாவது கரையேறிக் கெடந்தாவன்னா? உசுரோட இருக்கவருக்குத் தாலியறுத்தவன்னு பேரு எடுக்கவா? கத்தி அவியளுதுன்னா செத்தது அவியதான். இன்னைக்கே கழத்திருதேன். இல்லன்னா, காத்துக் கெடக்கேன். கத்தியக் காட்டுங்க. பாத்த ஒடனே சொல்லிருவேன்."

ஜெயசிங் பெட்டியைத் திறந்தார். துணியைப் பிரித்து, வழக்கம்போல் கையில் கொடுக்காமல், மேஜைமேல் வைத்தார். அது பளபளவென்று கிடந்தது. பிடி கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் கைவேலையிலேயே நல்ல வேலை அது. மார்கழியில் முடித்த அன்று ஜெபகனியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டிருந்தார்.

சந்தனமாரி குனிந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது இல்ல அண்ணாச்சி. அவியளுது கறுப்பா இருக்கும்."

"இதாம்மா அது. நான் தேச்சு வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

இருபது வருஷத்தில் ஒருத்தரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. என்ன சொல்வது? அழகாக இருக்கும் என்றா?

"முனை ஒடஞ்சு இருந்துச்சா?" என்று அவளே அடுத்துக் கேட்டாள்.

"ஒடஞ்சிருந்துச்சு. நான்தான் ராவிப் புது முனை எடுத்தேன்."

அவள் கை வாய்க்குப் போனது. ஜெயசிங்கால் அதோடு சும்மா இருக்க முடியவில்லை. தெரிந்ததை மறைத்துப் பழக்கம் இல்லாத மனுஷன். "ஆனா தோணிக்காரங்க கத்தியில பாதிக்கு முனை இருக்காதும்மா. கயித்து முடிச்ச நெம்பி நெம்பி ஒடஞ்சிரும்" என்றார்.

"அப்ப பிடியச் சொல்லுங்க. பிடியில வெட்டு இருந்துச்சா? பிள்ளைக்கு ஒரு வெட்டுன்னு மூணு வெட்டு போட்டிருந்தாவ. மூணாவது இவளுக்கு. இவ பொறந்த பதினாறாம் நாளு, எம் முன்னால உக்காந்து போட்டுட்டுத்தான் தோணி ஏறுனாவ."

வெட்டு இருந்தது. அது நன்றாக நினைவிருந்தது. நல்ல எருமைக்கொம்புப் பிடியை எந்த மடையன் இப்படிக் கொத்தி வைத்திருக்கிறான் என்று அவருக்குக் கோபம் வந்ததுகூட நினைவிருந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க அரம் போட்டு அத்தனையையும் இழைத்துத் தள்ளினார். கொம்பு சூடேறி நாறிய நாற்றம் இப்போதும் மூக்கில் இருந்தது. எத்தனை வெட்டு? மூன்றா, இரண்டா, நாலா? தோணியில் போகிறவர்கள் பயணத்துக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, பொழுது போகாமல் ஒன்று என்று கண்டதுக்கும் பிடியில் வெட்டுப் போடுவார்கள். எண்ணிக்கைதான் ஆளைச் சொல்லும். அவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒரு தோணிக்கான ஓடுகளை ஒன்று குறையாமல் எண்ணி ஏற்றிய டாலி கிளார்க், கையில் இருந்த பிடியில் மூன்றுவரை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

"நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாள் ஜெபகனி. அவள் குரல் அவருக்குப் புரிந்தது. மூணு என்று சொல்லிவிடுங்கள் என்கிறாள். ஒரு வார்த்தை. சொன்னால் இந்தப் பெண் இங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள். ஆனால் அது இரண்டாக இருந்திருந்தால்? செந்தூர்பாண்டி அக்கரையில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்தால்? தன் வாயாலேயே ஒருவனைக் கொன்றதாகாதா? சரி, இரண்டு என்று சொன்னால்? இவள் சாகும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஜெயசிங்குக்கு அந்த நிமிஷம் தன் இரண்டு கைகளின்மேலும் அருவருப்பாக இருந்தது.

"வெட்டு இருந்துச்சும்மா. எத்தனைன்னு தெரியல. நான் பாக்கல."

"மூணு இருந்திருக்குமா?"

"இப்ப மூணுன்னுதான் நெனப்பு வருது. நீ ரெண்டுன்னு சொல்லியிருந்தா ரெண்டுன்னு வந்திருக்கும். என்னை நம்பாத தாயீ."

இடுப்பிலிருந்த பிள்ளை மினுக்கத்தைப் பார்த்து மேஜைப் பக்கம் கையை நீட்டியது. அதன் கையைச் சந்தனமாரி பிடித்து மடக்கிக்கொண்டாள்.

"ரொம்ப நல்லாத் தேச்சிருக்கிய" என்றாள். குத்திக் காட்டவில்லை, பார்த்ததைச் சொன்னாள். அவள் காறித் துப்பியிருந்தால்கூட ஜெயசிங் தாங்கியிருப்பார்.

"நீயே எடுத்துட்டுப் போம்மா. எதுவும் தர வேண்டாம்." வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சட்டத்தை மீறி, கத்தியை எடுத்து அவள் கைக்கு நேராக நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி. இது ஒங்க கத்தி. அவிய இதுல இல்ல."

திரும்பிப் போகிறாள் என்றுதான் நினைத்தார். சாய்ப்பின் படியில் நின்றாள்.

"தேச்சு எடுத்தியள்லா, அந்தத் தூளு இருக்கா?"

"தூளா?"

"துருத் தூளு, பிடியில ராவுன பொடி. கொஞ்சம் இருந்தாலும் போதும். அவிய கைபட்டதுன்னா அதுலதான இருக்கும். ஒண்ணுமே இல்லாம அழ வர மாட்டேங்கு அண்ணாச்சி. எதையாவது முன்னால வச்சாத்தான் அழ முடியும். நானும் எத்தனை நாளைக்குத்தான் நிப்பேன்? பச்சப்பிள்ளையவும் வச்சிக்கிட்டு முடியல."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் கண் மேஜைக்கு அடியில் போய்விட்டது. சுவர் ஓரத்தில், தரைக்கல் இடுக்கில், செம்பழுப்பாகக் கொஞ்சம் பொடி கிடந்தது. பிள்ளையை ஜெபகனி கையில் கொடுத்துவிட்டு முழந்தாளிட்டாள். நகத்தால் இடுக்கைச் சுரண்டி, உள்ளங்கையில் சேர்த்து, ஊதினால் பறந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு முந்தானை நுனியில் கொட்டினாள். இரண்டு சிட்டிகை தேறியிருக்கும். அதை இறுக்கி முடிந்தபோதே அவள் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. ஐந்து மாதத்து அழுகை, சத்தமில்லாமல் வந்தது.

மார்கழித் தூளை ஜெயசிங் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தன் கையாலேயே பெருக்கி, வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டிருந்தார். இப்போது அவள் முந்தானையில் இருந்தது, போன வாரம் தேய்த்த ஒரு பர்மாக்காரனின் கத்தித் துரு.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்து, "இது போதும் அண்ணாச்சி. நாளைக்கே சடங்க முடிச்சிருதேன்" என்றாள். முடிச்சை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

"பாத்துப் போம்மா" என்றார் ஜெயசிங்.