கரண்ட் வைத்த உடம்பு

கதிரியக்கச் சிகிச்சை என்று வாய் நிறையச் சொல்லிப் படித்துவிட்டு வந்தேன். தேயிலைத் தோட்டத்து ஆட்களோ ‘கரண்ட் வைக்கிறது’ என்று ஒரே போடாகப் பெயர் வைத்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கண்டியில் நான் வேலை பார்த்த பிரிவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். மலையிலிருந்து யார் வந்தாலும் என் தலையில்தான் கட்டுவார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமை.

ராகலைப் பக்கம் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, மார்பில் அறுவை முடிந்து எங்களிடம் வந்தாள். என் வயதுதான். தோலில் மையால் போட்ட கோட்டுக்குள் கதிர் சரியாக விழும்படி படுக்க வைப்பது என் பொறுப்பு. கொஞ்சம் நகர்ந்தாலும் நல்ல நுரையீரல் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அவள் மூச்சுக்கூடப் பயந்து பயந்துதான் விடுவாள். எனக்கு வேலை சுளுவு.

ஒரு நாள் அவள் கணவர் கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். அம்மாவைக் கண்டதும் பிள்ளை தாவியது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, “கிட்ட கொண்டாராதீங்க!” என்று கத்தினாள். பிள்ளை வீரிட்டது. உடம்பில் கரண்ட் தங்கிவிடும், பிள்ளைக்குப் பாயும் என்று தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பினாலும் மகனைத் தொடுவதில்லை என்று முடிவே செய்துவிட்டாளாம்.

எனக்குக் கோபம் வந்தது. “லைட்ட அணைச்சா வெளிச்சம் காம்பராவுல தங்குமா? மெஷின் நின்னா எல்லாம் நின்னுச்சு” என்றேன்.

“அப்பறம் ஏன் மிஸ்ஸி, என்னய படுக்க வச்சிட்டு நீங்க மட்டும் கதவ சாத்திக்கிட்டு ஓடுறீங்க?”

தினமும் எத்தனையோ பேருக்கு வைக்கிறேன், உள்ளேயே நின்றால் அத்தனையும் என் மேல் விழும் என்று விளக்கினேன். தலையாட்டினாள், நம்பவில்லை.

“ஒங்களுக்கும் புள்ள இருக்குல்ல மிஸ்ஸி? அத எங்கிட்ட குடுப்பீங்களா?”

“நாளைக்கே கொண்டாரேன்” என்றேன். வாய் முந்திக்கொண்டது. அவள் கணவரையும் மகனோடு அன்றிரவு கண்டியிலேயே தங்கி மறுநாள் வரச் சொன்னேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் காலையில் மகளுக்குச் சட்டை போட்டுவிட்டு, போகவேண்டாமென்று கழற்றி, மறுபடி போட்டுவிட்டேன். படித்த எனக்கே இப்படியென்றால் அவளை நினைத்துப் பாவமாக இருந்தது.

அன்றைய சிகிச்சை முடிந்து வெளியே வந்தவளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, என் மகளை அவள் மடியில் விட்டேன். அவள் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் பிள்ளையைத் திரும்ப எடுப்பேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நான் எடுக்கவில்லை. மெல்ல ஒரு கை வந்து என் மகளின் முதுகைத் தொட்டது.

எதிரே அப்பாவின் தோளில் இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் அழ ஆரம்பித்தான்.

“இந்தாங்க மிஸ்ஸி, ஒங்க புள்ளய புடிங்க புடிங்க” என்று அவசரமாக மகளை என்னிடம் தள்ளிவிட்டு, மகனை நோக்கிக் கைகளை நீட்டினாள். அறுவை செய்த பக்கத்துக் கை பாதி தூரம்தான் நீண்டது. மீதித் தூரத்தை அவன் தாவிக் கடந்தான்.